காட்டுப்பழமும் கடற்கரைப் பிள்ளைகளும்

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைக் கடந்து சென்றால், நிலம் முடிந்து நீர் தொடங்கும் இடத்தில் பழவேற்காடு என்னும் ஊர் இருக்கிறது. அப்பெயரை அவ்வூரார் பழ, வேல், காடு என்று மூன்றாகப் பிரித்துப் பொருள் கூறுவர். பழைய வேல மரங்கள் நிறைந்த காடு என்பது அதன் கருத்து. இன்று ஏரியால் புகழ்பெற்று விளங்கும் ஊர், முதலில் மரத்தால் பெயர் பெற்றது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவ்வூரின் வரலாற்றைப் பாட நூல்களில் நீங்கள் படித்திருப்பீர்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்கே வந்து தங்கினர். பின்னர் வந்த டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் ஜெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி முடித்தனர். 1690ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரையில், சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக இவ்வூரே இருந்தது. 1825ஆம் ஆண்டில் ஊர் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. கோட்டை இன்று மண்மேடாகிவிட்டது. டச்சுக்காரரின் கல்லறைகள் மட்டும் எழுத்தும் சிற்பமுமாக நிற்கின்றன. இவையெல்லாம் கல்லிலும் காகிதத்திலும் எழுதப்பட்ட வரலாறு.

நான் இன்று உங்களுக்குக் கூற விரும்புவது கல்லிலும் காகிதத்திலும் ஏறாத ஒரு வரலாறு. இந்த ஏரிக்கரையிலுள்ள மீனவர் குப்பங்களில், எந்தக் காட்டுப்பழம் உண்ணத்தக்கது, எது உயிரைக் கொல்லும் என்பதைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பித்தார்கள் என்பதே அது. இஃது ஒரு சிறு செய்தி என்று நீங்கள் கருதக்கூடும். ஆனால், இப்பாடத்தில் தவறினால் மதிப்பெண் குறைவதில்லை, உயிர் போகிறது. அத்தகைய பாடத்தைப் பள்ளிக்கூடமும் ஏடும் இல்லாமல் பல தலைமுறைகளுக்குக் கற்பித்து வந்தவர்களின் முறை வரலாற்றில் இடம்பெறத் தகுதியுடையது அன்றோ?

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். பழவேற்காட்டு ஏரி, ஒடிசாவிலுள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும் தென்கோடி தமிழ்நாட்டிலும் அடங்கியுள்ளன. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காலங்கியாறும் இதில் வந்து கலக்கின்றன. ஒருபுறம் கடலலையும் மறுபுறம் ஏரி நீரும் மோதும் மணற்பரப்பில் கூனங்குப்பம், அரங்கங்குப்பம், வைரவன்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் அமைந்துள்ளன. உப்பு ஏறிய இம்மணலில் மாவும் பலாவும் தோப்பாக வளர்வதில்லை. தாமாக முளைத்து, முள்ளைக் காவலாகக் கொண்டு நிற்கும் புதர்களே இங்குள்ள பிள்ளைகளின் பழத்தோட்டம்.

தந்தை விடியுமுன் வலையோடு கடலுக்கோ ஏரிக்கோ சென்றுவிடுவார். தாய் மீன்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டுவிடுவாள். அவர்கள் திரும்பி வரும் வரையில் சிறுபிள்ளைகளுக்குக் காவல் சற்றே பெரிய பிள்ளைகள்தாம். ஆகவே, இப்பாடத்தின் ஆசிரியர் பெரும்பாலும் முதியவர் அல்லர். பத்து, பன்னிரண்டு வயதுடைய ஓர் அக்காள்.

சிறுவயதில் விடுமுறை நாட்களை அப்பகுதியில் பெரியம்மா வீட்டில் கழித்தவன் நான். பெரியம்மாவின் மூத்த மகள், இடுப்பில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, எங்களில் ஏழெட்டுப் பேரைத் தன் பின்னால் அழைத்துச் செல்வாள். ஒரு புதரைக் கண்டதும் நான் கை நீட்டுவேன். “பெயரைச் சொல்லடா, பிறகு பறி” என்பாள். பெயர் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. “முள் எப்படி இருக்கிறது? இலை எப்படி இருக்கிறது?” என்று கேட்பாள். விடை சரியாக இருந்தால், முதற்பழத்தைத் தானே வாங்கிப் பார்த்து, முகர்ந்து, பின்னரே எங்களிடம் கொடுப்பாள். தனியே இருக்கும்போது எதையும் வாயில் போடக் கூடாது என்பது அவளுடைய கட்டளை.

பெயர், முள், இலை, கடைசியில் பழம் என்ற இந்த வரிசையை அக்காலத்தில் நான் வீண் தொல்லையாகவே கருதினேன். தாவர நூலைக் கற்ற பிறகுதான் அதிலுள்ள அறிவு எனக்கு விளங்கியது. பழம் ஆண்டில் சில வாரங்களே செடியில் இருக்கும். முள்ளும் இலையும் ஆண்டு முழுவதும் இருக்கும். பழத்தின் நிறம் மாறும்; முள் மாறாது. பழத்தைக் கண்டு செடியை அறிய முயல்பவன் ஏமாறுவான். செடியை முன்னரே அறிந்தவன் பழத்தைக் கண்டு ஏமாறமாட்டான்.

அவள் கற்பித்த செடிகள் சிலவற்றைக் கூறுகிறேன். சங்கஞ்செடி என்பது ஒன்று. அதன் ஒவ்வொரு கணுவிலும் கூர்மையான நான்கு முட்கள் இருக்கும். பழம் முத்துப் போன்று வெண்மையாக இருக்கும். அதற்கு உறவான உகாய் உவர்நிலத்தில் செழித்து வளரும். அதன் சிறுபழம் இனிப்போடு காரமும் கலந்தது. அதன் குச்சி பல் துலக்க உதவுவது. காரைச் செடிக்கு முட்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். பழம் மஞ்சள் நிறம். அதன் அறிவியற் பெயரிலேயே சோழமண்டலக் கரையின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. சூரைக்கு வளைந்த கொக்கி முள், பழம் கறுப்பு. களாவுக்கு நேரான வலிய முள். ஒடித்தால் பால் வடியும். இவற்றோடு இலந்தை, நாவல், ஈச்சு, பாலை ஆகியவையும் சேர்ந்தால் பிள்ளைகளின் பட்டியல் ஓரளவு நிறைவுறும்.

“இவ்வளவையும் தனித்தனியே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமா? நல்லதையும் தீயதையும் பிரித்துக் காட்டும் பொதுவிதி ஒன்றும் இல்லையா?” என்று மாணவர்கள் கேட்பார்கள். நானும் கேட்டதுண்டு. அத்தகைய விதிகள் சில மக்களிடையே வழங்குகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பார்ப்போம்.

பறவை தின்னும் பழத்தை மனிதனும் தின்னலாம் என்பது ஒரு விதி. எட்டிப் பழத்தின் சதையை இருவாட்சிப் பறவையும் குரங்கும் தின்பதுண்டு. ஆனால், அதன் விதை மனிதனைக் கொல்லும். இவ்விதி பொய்யாயிற்று.

பால் வடியும் செடி நஞ்சு என்பது மற்றொரு விதி. களாவிலும் பாலையிலும் பால் வடிகிறது. இரண்டும் உண்ணத்தக்க பழம் தருபவை. அதே களாவின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் அரளியிலும் பால் வடிகிறது; அதன் விதை இதயத்துடிப்பையே நிறுத்த வல்லது. ஆகவே, பாலைக் கொண்டு நன்மை தீமையைத் துணிய முடியாது.

கசப்பது நஞ்சு, இனிப்பது உணவு என்பது மூன்றாவது விதி. கடற்கரை மணலில் படரும் பேய்க்குமட்டியைப் பொறுத்தவரையில் இது மெய்தான். அதன் கசப்பே ஓர் எச்சரிக்கை. ஆனால், காட்டாமணக்கின் விதை நிலக்கடலை போலச் சுவையாக இருக்கும். அதை நம்பித் தின்ற பிள்ளைகள் பலர் மருத்துவமனைக்குச் சென்றுள்ளனர்.

அழகிய நிறம் தீங்கற்றதன் அடையாளம் என்று எவரும் விதி செய்யவில்லை. எனினும், குழந்தையின் கை அந்த விதியைத்தான் பின்பற்றுகிறது. குன்றிமணியைப் பாருங்கள். செம்மையும் கருமையும் கலந்த அதன் அழகைக் கண்டு பொற்கொல்லர் அதை எடைக்கல்லாக வைத்தனர். நாம் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோம். அதன் மேலோடு வலியது. அதனால், விழுங்கிய விதை உடையாமல் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆனால், மென்றாலோ துளையிட்டாலோ உள்ளிருக்கும் நஞ்சு வெளிப்படும். அது மிகக் கொடியது.

இன்னும் இரண்டு இணைகளைக் கூறி இப்பகுதியை முடிக்கிறேன். கோவைக்காய் பச்சையாக இருக்கையில் வெண்கோடுகள் கொண்டிருக்கும். கனிந்ததும் கோடுகள் மறைந்து முழுவதும் சிவந்துவிடும். அதே வேலியில் ஐவிரலி என்னும் மற்றொரு கொடியும் படரும். அதன் பழமும் சிவப்பே. ஆனால், கனிந்த பின்னும் அதன் வெண்கோடுகள் மறைவதில்லை. இலையும் விரித்த கை போலப் பிளவுபட்டிருக்கும். முன்னது உணவு, பின்னது ஒதுக்கத்தக்கது.

தேற்றாமரமும் எட்டிமரமும் தாவரவியலில் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றினால் நீர் தெளியும். எட்டி விதையோ நரம்புகளை முறுக்கி வலிப்பை உண்டாக்கும். 1818ஆம் ஆண்டில் பாரிசு நகரில் பெல்லெட்டியர், கவாந்து என்ற இரு வேதியியலார் இப்பேரினத்து விதையிலிருந்து ஸ்ட்ரிக்னைன் என்னும் நஞ்சைப் பிரித்தெடுத்தனர். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, எவராலும் விரும்பப்படாதவனுடைய செல்வத்துக்கு ஊர் நடுவே பழுத்து நிற்கும் நச்சு மரத்தைத் திருவள்ளுவர் உவமையாக்கினார். அவ்வுவமையைக் கேட்டவுடன் உணரக்கூடியவர்களாக அக்கால மக்கள் இருந்தனர் என்று கொள்ளலாம். பழுத்த மரத்தைக் கண்டும் விலகிச் செல்லக் கற்றவர்களுக்கே அது விளங்கும்.

ஆக, பொதுவிதி எதுவும் நம்மைக் காப்பதில்லை. ஊரில் உள்ளவர்களை நாம் எவ்வாறு அறிகிறோம்? உயரமானவர் நல்லவர், சிவந்தவர் தீயவர் என்று விதி வைத்துக்கொண்டா அறிகிறோம்? ஒவ்வொருவரையும் பெயரால், முகத்தால், குடும்பத்தால் தனித்தனியே அறிகிறோம். செடிகளையும் அவ்வாறே அறிய வேண்டும். “பெயரைச் சொல்லடா, பிறகு பறி” என்ற அக்காளின் கட்டளைக்கு இதுவே பொருள்.

அப்பெயர்களிலேயே பாதிப் பாடம் அடங்கியிருக்கிறது. பேய்க்குமட்டி, பேய்ப்புடல், பேய்ச்சுரை என்று நம் முன்னோர் பெயரிட்டனர். வீட்டுத்தோட்டத்துக் காயைப் போலத் தோன்றினாலும், கசப்போ தீங்கோ உடையது என்று குழந்தைக்கு உணர்த்தவே ‘பேய்’ என்ற சொல்லை முன்னே நிறுத்தினர் என்று தோன்றுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் அச்சொல் எச்சரிக்கைப் பலகையாக நின்றது.

இதன் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று அண்மைக் காலத்தில் வடநாட்டில் நேர்ந்தது. உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில், மழைக்காலம் முடிந்து குளிர்காலம் தொடங்கும் பருவத்தில், சிறுகுழந்தைகள் திடீரென நோயுற்று இறந்து வந்தனர். மூளையைத் தாக்கும் வைரசுக் காய்ச்சல் என்றே பல ஆண்டுகள் எண்ணப்பட்டது. விபின் வசிஷ்டா என்ற குழந்தை மருத்துவரும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஜேக்கப் ஜான் என்ற அறிஞரும் பிறரும் ஆராய்ந்து, 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் உண்மையை விளக்கினர். வழியோரத்தில் வளரும் ஒரு செடியின் அவரை போன்ற காய்களை விளையாட்டாகத் தின்றதே அக்குழந்தைகளின் நோய்க்குக் காரணம். ஈரலும் தசையும் மூளையும் அந்த நஞ்சால் தாக்கப்பட்டன. அந்தச் செடி தமிழ்நாட்டிலும் எங்கும் உண்டு. அதன் தமிழ்ப்பெயர் பேயாவரை.

இதைக் கேட்டு நாம் பெருமிதம் கொண்டு நின்றுவிடக் கூடாது. இதே செடிக்குப் பொன்னாவரை என்ற பெயரும் தமிழில் வழங்குகிறது. ஓர் ஊரில் பேயாக நிற்பது மற்றோர் ஊரில் பொன்னாகிவிடுகிறது! பெயர் மட்டும் போதாது. பெயரோடு முள்ளும் இலையும் சேர்த்துக் கற்பிக்கும் ஆளும் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்வறிவு குப்பத்து அக்காளுக்கு எங்கிருந்து கிடைத்தது? அவளுக்குத் தாயும் பாட்டியும் கற்பித்தனர். அவர்களுக்கும் முன்னே இக்காட்டை அறிந்தவர்கள் ஏரியைச் சூழ்ந்து வாழ்ந்த யானாதியரும் இருளருமாகிய பழங்குடி மக்கள். ஏரியையும் கடலையும் பிரித்து நிற்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் காடு யானாதியரின் தாயகமாக இருந்தது. 1835ஆம் ஆண்டில் அத்தீவு அரசாங்கத்தின் கைக்கு வந்தபின், காட்டுப்பொருள்களைத் திரட்டித் தரும் பணியில் அவர்கள் அமர்த்தப்பட்டனர். எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் அப்பொருள்கள் குறிக்கப்பட்டுள்ளன. சாயவேர், நன்னாரி, பூந்திக்கொட்டை ஆகியவற்றோடு எட்டி விதையும் அப்பட்டியலில் இருக்கிறது. நாவலும் இலந்தையும் அவர்கள் உண்டவை. ஒரே காட்டில், ஒரே கையால், நஞ்சை வணிகத்துக்கும் பழத்தை வாய்க்கும் பிரித்தெடுத்த மக்கள் அவர்கள்.

சாயவேர் என்பதைக் கேட்டதும் பழவேற்காட்டின் பழைய வணிகம் நினைவுக்கு வருகிறது. இம்பூறல் என்றும் பெயர் பெற்ற அச்சிறு செடியின் வேரிலிருந்துதான் சோழமண்டலத் துணிகளின் சிவப்பு நிறம் கிடைத்தது. அத்துணிகளை நாடியே டச்சுக்காரர் இங்கே கோட்டை கட்டினர். கோட்டைக்குள் கணக்கெழுதிய வணிகனின் செல்வம், மணலில் குனிந்து எந்த வேர் எது என்று அறிந்து அகழ்ந்தவரின் அறிவையும் சார்ந்திருந்தது. பஞ்சம் வந்தபோதோ, அதே துறைமுகத்திலிருந்து ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் அடிமைகளாக வாங்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். பசிக்கும் அடிமைத்தளைக்கும் இடையே ஏழைக்கு எஞ்சியிருந்த மிகச் சில காவல்களுள் காட்டை அறிந்த அறிவும் ஒன்று என்பதை நாம் மறக்கலாகாது. 19ஆம் நூற்றாண்டில் ஜான் ஷார்ட் என்ற சென்னை மாகாணத்து மருத்துவர், பஞ்ச காலத்தில் மக்கள் உண்ட காட்டுத் தாவரங்களைப் பட்டியலாகத் தொகுத்தார். பசித்தவரின் அறிவு அப்போதுதான் அச்சேறியது.

ஐரோப்பியர் நம் செடிகளை ஆர்வத்தோடு ஆராய்ந்தனர். 1690களில் சென்னைக் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரௌன், சுற்றுப்புறச் செடிகளைச் சேர்த்து, உள்ளூர்ப் பெயர்களோடு இலண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜேம்ஸ் பெட்டிவர் என்பவர் அவற்றைப் பற்றி அரச கழகத்தின் இதழில் எழுதினார். பின்னர் வில்லியம் ராக்ஸ்பரோ, சோழமண்டலக் கரையின் தாவரங்களை 1795 முதல் மூன்று பெருந்தொகுதிகளாக 300 ஓவியங்களுடன் வெளியிட்டார். இந்நூல்கள் போற்றத்தக்கவை. ஆனால், “இதன் பெயர் என்ன?” என்று அவர்கள் கேட்டபோது விடை கூறியவர் யார்? சோழமண்டலக் கரையில் அவர்களுடைய பெயர்களை நாம் தேடித் தவிக்க வேண்டியிருக்கிறது.

மேற்குக் கரையில் நிலை சற்று வேறுபட்டது. பழவேற்காட்டை ஆண்ட அதே டச்சுக் கும்பினியின் மலையாளக்கரை ஆளுநரான வான் ரீட், 1678 முதல் 1693 வரையில் 12 தொகுதிகளாக ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ என்ற நூலை வெளிவரச் செய்தார். அதில் இட்டி அச்சுதன் என்ற உள்ளூர் மருத்துவரின் சான்றுரை, அவருடைய பெயரோடு அச்சிடப்பட்டது. 300 ஆண்டுகளுக்குப் பின்னும் அவரைக் கேரள நாடு போற்றுகிறது. அத்தகைய ஒருவர் நம் கரையிலும் இருந்திருப்பார். எழுதுவதற்கு ஒரு கை இல்லாமற் போயிற்று.

இனி, பழைய பாடத்தால் மட்டும் தீர்க்க முடியாத ஒரு சிக்கலைக் கூற வேண்டும். கப்பல்கள் இங்கிருந்து துணியை ஏற்றிச் சென்றன. உலகின் மறுகோடியிலிருந்து செடிகளை இந்நாட்டுக்குக் கொண்டும் வந்தன. சப்பாத்திக்கள்ளி, உண்ணிச்செடி, மஞ்சள் அரளி, காட்டாமணக்கு ஆகியவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவற்றைப் பற்றி நம் பாட்டிமாருக்கும் அவர்களுடைய பாட்டிமார் ஒன்றும் கூறியிருக்க முடியாது. சில செடிகளை மக்கள் விரைவில் கற்றுக்கொண்டனர். சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் மேலுள்ள நுண்முட்களை மணலில் தேய்த்துப் போக்கவும், உள்ளிருக்கும் முள்ளை நீக்கித் தின்னவும் பிள்ளைகள் அறிந்தனர். உண்ணிச்செடியின் கறுத்த பழத்தைப் பிள்ளைகள் தின்பதுண்டு. ஆனால், அதன் பச்சைக்காய் நோய் தரும். கால்நடைகளுக்கு அச்செடியே தீங்கானது.

காட்டாமணக்கைப் பற்றிய பாடத்தை நான் என் உடலாலேயே கற்றேன். அது வேலிச்செடி. அதன் பாலை இலைக்காம்பில் எடுத்துக் குமிழி ஊதுவது எங்களுக்கு விளையாட்டு. அக்காள் எங்களைப் புதர்க்காட்டுக்கு அழைத்துச் சென்றாளே அன்றி, வாசலிலுள்ள வேலிக்கு அழைத்துச் சென்றதில்லை. ஒருநாள் நண்பகலில், அவள் மீன் காயவைக்கச் சென்ற வேளையில், நாங்கள் மூவர் அவ்விதைகளை உடைத்துத் தின்றோம். சுவை நன்றாகவே இருந்தது. மாலைக்குள் வாந்தியும் பேதியும் கண்டு துவண்டு விழுந்தோம். எங்களைப் படகில் ஏற்றி ஏரியைக் கடந்து கொண்டு சென்றனர். படகின் ஓரத்தில் அமர்ந்திருந்த அக்காள் ஒரு காட்டாமணக்குக் கிளையைக் கையில் இறுகப் பிடித்திருந்தாள். மருத்துவரிடம் அவள் கூறியது ஒரே சொல்: அச்செடியின் பெயர். நாங்கள் மூவரும் பிழைத்தோம். மறுநாள் முதல் அவளுடைய வகுப்பு வேலியிலிருந்து தொடங்கியது.

இது பழங்கதை அன்று. 2003ஆம் ஆண்டில் இந்தியத் திட்டக்குழுவின் அறிக்கை, காட்டாமணக்கு எண்ணெயை எரிபொருளாகப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. அதனையொட்டிப் பல மாநிலங்களில் அச்செடி பரவலாக நடப்பட்டது. செடி வந்த வேகத்தில் பாடம் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக அவ்விதையைத் தின்று நோயுற்ற செய்திகளை மருத்துவ இதழ்கள் பலமுறை வெளியிட்டுள்ளன.

பிறநாட்டு நூல்களை மட்டும் நம்புவதும் போதாது. மணத்தக்காளியின் கூட்டத்தைச் சேர்ந்த செடிகளை நச்சுச் செடிகளாகவே ஐரோப்பிய நூல்கள் பல குறித்தன. நாமோ அதன் கீரையைச் சமைத்து உண்கிறோம். கனிந்த பழத்தைக் குழந்தைக்குத் தருகிறோம். காயை மோரிலும் உப்பிலும் ஊறவைத்து வற்றலாக்குகிறோம். எந்தப் பருவத்தில், எந்த உறுப்பை, எவ்வாறு பக்குவம் செய்து உண்பது என்பதையும் சேர்த்து அறிந்ததுதான் முழு அறிவு. பாதி அறிவு அறியாமையினும் தீயது. ஒன்றும் அறியாதவன் அஞ்சி விலகுவான். பாதி அறிந்தவன் துணிந்து தின்பான்.

அத்தகைய பாதி அறிவின் காலம் இப்போது வந்திருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு 1969ஆம் ஆண்டில் ஏவுதளத்துக்காகத் தெரிவு செய்யப்பட்டது. 1971ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் அங்கிருந்து முதல் ஏவூர்தி விண்ணில் எழுந்தது. நாட்டுக்குப் பெருமை தேடித் தந்த பணி அது. ஆயினும், அத்தீவில் வாழ்ந்த யானாதியரில் பலரும் மீனவரும் வேறிடங்களுக்குச் செல்ல நேர்ந்தது. காடு வேலிக்குள் காக்கப்பட்டு நிற்கிறது; அக்காட்டில் பெயர் சொல்லிப் பழம் பறித்த பிள்ளைகள் வேலிக்கு வெளியே வளர்கின்றனர். இக்கரையிலோ, பிள்ளைகள் பள்ளி செல்கின்றனர், மிக நல்லது. ஆனால், அக்காளின் வகுப்புக்குப் பொழுது இல்லாமற் போயிற்று. சங்கஞ்செடியும் உகாயும் நின்ற மேடுகளில் சீமைக்கருவேல் படர்கிறது. செடிகள் சில இருக்கின்றன. பெயர்கள் குறைந்து வருகின்றன.

மாணவ நண்பர்களே! இந்தப் பேச்சைக் கேட்டு நீங்கள் எவரும் காட்டுக்குச் சென்று எதையும் சுவைத்துப் பார்க்கலாகாது. சொல்லால் மட்டும் கற்கும் பாடம் அன்று இது. அறிந்தவர் அருகிலிருந்து காட்டும்போதே இதைக் கற்க முடியும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு குழந்தை தெரியாத காயையோ விதையையோ தின்றுவிட்டால், நாட்டு வைத்தியமும் கட்டாய வாந்தியும் வேண்டாம். அக்காள் செய்ததைச் செய்யுங்கள்: செடியின் ஒரு கிளையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

நீங்கள் செய்யத்தக்க வேறொரு பணியும் உண்டு. உங்கள் ஊரிலுள்ள முதிய பெண்மணிகளை அணுகி, அவர்கள் அறிந்த செடிகளின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றின் இலையையும் முள்ளையும் வரையுங்கள் அல்லது காகிதத்தில் அழுத்தி உலர்த்தி வையுங்கள். உங்கள் தாவரவியல் ஆசிரியரின் துணையோடு நூல்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னை அருங்காட்சியகத்துக்காக மயூரநாதன் 1929ஆம் ஆண்டில் எழுதிய சென்னைச் சுற்றுப்புறத் தாவர நூலும், திருச்சிராப்பள்ளி ராபினட் உலர்தாவரகத்தின் மாத்யூ அடிகளார் 1980களில் வெளியிட்ட தமிழ்நாட்டுத் தாவரத் தொகுதிகளும் உங்களுக்கு வழிகாட்டும். பாட்டி கூறிய பெயரையும் நூல் கூறும் பெயரையும் அருகருகே எழுதும்போது, பாட்டியின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள். இட்டி அச்சுதனுக்குக் கிடைத்த மதிப்பு நம் கரையின் ஆசிரியர்களுக்கும் கிடைக்கட்டும்.

பழவேற்காட்டின் கோட்டையைக் கட்டியவர்களின் பெயர்கள் கல்லறைக் கல்லில் இருக்கின்றன. அக்கரையின் பிள்ளைகளை உயிரோடு வளர்த்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அவற்றை எழுதும் பொறுப்பு உங்களைச் சேர்ந்தது.